ஆறு பட்டையா, ஏழு பட்டையா? பெருமிதச் சின்னங்கள் ஊருக்கு ஊர் பொருள் மாறுவது எப்படி

செட்டிநாட்டில் பழைய வீடு ஒன்றின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். நிலைவாசலுக்கு மேலே இரண்டு யானைகள் நீர் சொரிய, தாமரையில் கஜலட்சுமி வீற்றிருப்பாள். சில வீடுகளில் மாடிக் கைப்பிடிச் சுவரில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாயும் சுதையில் நிற்பான். லட்சுமி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சிப்பாயைப் பற்றித்தான் ஆளுக்கொரு பேச்சு. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொடுக்கல்வாங்கல் செய்த குடும்பத்துக்கு அவன் காவல், அந்தஸ்து. இன்று அதே தெருவில் நடக்கிற கல்லூரி மாணவிக்கு அவன் அடிமைக்காலத்தின் மிச்சம். சுதை அப்படியேதான் இருக்கிறது. பார்க்கிறவர் மனதில் என்ன நினைவு கிடக்கிறதோ, அதிலிருந்து பொருள் வருகிறது.

தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலிய பால்புதுமையினரின் (LGBTQ) பெருமிதச் சின்னங்களுக்கும் இது பொருந்தும். ‘வானவில் கொடி என்றால் இதுதான் பொருள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடப் பலரும் நினைக்கிறார்கள். அந்த வரி சான் பிரான்சிஸ்கோவில் சரியாக இருக்கும். பெரூவின் மலையூரில் தவறாகிவிடும். காரைக்குடியில் பாதிதான் சரி. ஒரு சின்னத்தைக் கண்டால் அது எங்கே இருக்கிறது, யார் வைத்தார்கள், எந்தக் காலத்தில், பக்கத்தில் வேறென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த நான்கையும் பார்க்காமல் நிறத்தை மட்டும் வைத்துப் பொருள் சொன்னால் பெரும்பாலும் பிசகும்.

எட்டிலிருந்து ஆறான கதை

வானவில் கொடி முதன்முதலில் ஏறியது 1978 ஜூன் 25 அன்று, சான் பிரான்சிஸ்கோவில். கில்பர்ட் பேக்கர், லின் செகர்ப்ளோம், ஜேம்ஸ் மெக்நமாரா ஆகியோரோடு சுமார் 30 தன்னார்வலர்கள் சேர்ந்து துணியைக் கையால் சாயம் தோய்த்துத் தைத்தார்கள். 30 அடிக்கு 60 அடி அளவில் இரண்டு கொடிகள். அப்போது எட்டுப் பட்டைகள் இருந்தன. அடர் இளஞ்சிவப்பு பாலுறவுக்கு, சிவப்பு உயிருக்கு, ஆரஞ்சு குணமடைதலுக்கு, மஞ்சள் சூரிய ஒளிக்கு, பச்சை இயற்கைக்கு, பசுநீலம் கலைக்கு, கருநீலம் அமைதிக்கு, ஊதா ஆன்மாவுக்கு.

அதே ஆண்டு நவம்பர் 27 அன்று, வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்துத் தேர்தலில் வென்ற ஹார்வி மில்க் சுட்டுக்கொல்லப்பட்டார். கொடி கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மொத்தமாகத் தைக்கும் அளவுக்கு அடர் இளஞ்சிவப்புத் துணி கிடைக்கவில்லை, அதனால் எட்டு ஏழானது. 1979-இல் தெருவிளக்குக் கம்பங்களில் கொடியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டபோது ஏழில் நடுப்பட்டை கம்பத்துக்குப் பின்னால் மறைந்தது. இரட்டைப்படையாக இருந்தால் கம்பத்துக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று பிரித்துவிடலாம். பசுநீலத்தை எடுத்துவிட்டு, கருநீலத்துக்குப் பதில் தெளிவான நீலத்தை வைத்தார்கள். ஆறு நின்றது.

தொடங்குகிறவர்கள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்று உலகம் முழுதும் பறக்கிற அந்த ஆறு பட்டைகளைத் தீர்மானித்தது துணிச் சரக்கும் விளக்குக் கம்பமும். எட்டு நிறங்களுக்குச் சொன்ன பொருள் பிறகும் புத்தகங்களில் தொடர்கிறது, ஆனால் கொடியைப் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. ‘நாங்கள் இருக்கிறோம், ஒளிய மாட்டோம்’ என்பதே அவர்களுக்குப் பொருள். அதில் குறையொன்றுமில்லை.

பிறகு வந்தவற்றில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். 1999-இல் மோனிகா ஹெல்ம்ஸ் வடிவமைத்த திருநர் (திருநங்கையர், திருநம்பியர்) கொடியில் வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை, மீண்டும் இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என்று ஐந்து பட்டைகள். எந்தப் பக்கம் திருப்பிக் கட்டினாலும் நேராகவே இருக்கும்படி அவர் அமைத்தார். 2013-இல் மார்கன் கார்ப்பென்டர், ஆண் பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடலோடு பிறந்த ஊடுபால் மக்களுக்காக மஞ்சள் தளத்தில் ஊதா வட்டம் வரைந்தார். உடைப்பில்லாத வட்டம், சிதைக்கப்படாத உடலைக் குறிக்கிறது. நம் பக்கத்தில் இது வெறும் வடிவமில்லை. சிவகங்கைக்கும் புதுக்கோட்டைக்கும் உரிய சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான், ஊடுபாலாகப் பிறந்த குழந்தைகளின் உடலை அறுவை செய்து ‘சரியாக்கும்’ வழக்கத்துக்கு எதிராக 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு தடை ஆணை பிறப்பித்தது. மூன்றாவது, 2018-இல் டேனியல் குவாசர் வரைந்த கொடி. ஆறு பட்டைகளின் இடப்பக்கத்தில் அம்பு முனை போலக் கறுப்பு, பழுப்பு, வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை. கறுப்பும் பழுப்பும் ஒதுக்கப்பட்ட நிறத்தவரையும், எய்ட்ஸால் இறந்தவர்களையும் அதோடு வாழ்கிறவர்களையும் நினைவுகூர்பவை.

அடையாள முத்திரை கவசமானது

இளஞ்சிவப்பு முக்கோணத்தின் வரலாறு கொடியதுதான், ஆனாலும் சின்னம் எப்படிப் பொருள் மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடையாது. நாஜி வதைமுகாம்களில், ஜெர்மன் சட்டத்தின் 175-ஆம் பிரிவில் அடைக்கப்பட்ட ஆண்களின் சட்டையில் முனை கீழே பார்க்கும் இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்தார்கள். போர் முடிந்தும் அந்தச் சட்டப்பிரிவு முடியவில்லை. மேற்கு ஜெர்மனியில் 1969-இல் தளர்த்தினார்கள், முற்றாக நீக்கியது 1994-இல். 1970-களில் ஜெர்மானியச் செயற்பாட்டாளர்கள் அந்த முக்கோணத்தைத் தாங்களே எடுத்து அணிந்துகொண்டார்கள். 1980-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் எய்ட்ஸ் போராட்டக்காரர்கள் முனையை மேலே திருப்பி, ‘மௌனம் என்பது மரணம்’ என்ற வாசகத்தோடு சுவரெங்கும் ஒட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1987-இல் திறந்த நினைவிடம் இளஞ்சிவப்புக் கருங்கல் முக்கோணங்களால் ஆனது.

இந்தியாவில் இளஞ்சிவப்பு முக்கோணத்தைப் பார்க்கிற யாருக்கும் வதைமுகாம் நினைவு வராது. இங்கே அது வெறும் வடிவம். எதிர்த்திசையில் சுவஸ்திகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கணக்குப் புத்தகத்திலும் கடைக் கதவிலும் நாம் மங்கலமாக இடுவது அது. சாய்த்து வரைந்து நாஜிக்கட்சி கொடியில் வைத்ததும் ஐரோப்பாவில் கொலையின் குறியானது. ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றம். செட்டிநாட்டு வீட்டில் தங்க வரும் யூதக் குடும்பம் கதவைப் பார்த்துத் திடுக்கிட்டால் அது அறியாமை என்று ஒதுக்க வேண்டாம், அவர்கள் நினைவு அப்படி. இரண்டு நிமிடம் நின்று விளக்கினால் போதும். அதே பொறுமையைத்தான் வானவில் கொடி நம்மிடம் எதிர்பார்க்கிறது.

ஒரே வானவில், வேறு வேறு கொடிகள்

இத்தாலியில் 1961-இல் பெரூஜியாவிலிருந்து அசிசி வரை நடந்த அமைதி நடைப்பயணத்தில் வானவில் கொடி வந்துவிட்டது. ஏழு பட்டைகள், நடுவில் ‘அமைதி’ என்று இத்தாலிய மொழியில் பெரிய எழுத்து. பெரும்பாலும் ஊதா மேலே, சிவப்பு கீழே இருக்கும். ஈராக் போரை எதிர்த்து 2003-இல் அந்நாட்டு மாடிகளெங்கும் தொங்கியது இந்தக் கொடி. பெரூவில் குஸ்கோ நகரத்தின் கொடியும் ஏழு பட்டை வானவில். அங்கே அது இன்கா மரபின் பெருமையைச் சொல்கிறது. ரஷ்யாவின் யூதத் தன்னாட்சிப் பகுதிக்கு வெள்ளைத் தளத்தில் ஏழு மெல்லிய வானவில் கோடுகள்.

நமக்கு அருகில் இருப்பது இலங்கை. பௌத்தக் கொடி 1885-இல் கொழும்பில் ஏற்றப்பட்டது. நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு நிறங்களில் நெடுக்குப் பட்டைகள், கடைசியில் ஐந்தும் சேர்ந்த ஆறாவது பட்டை. மியான்மரில் ஆரஞ்சின் இடத்தில் இளஞ்சிவப்பு இருக்கும். கொழும்பிலும் ரங்கூனிலும் கிட்டங்கி (தொழில் நடத்திய கட்டடம்) வைத்திருந்த குடும்பங்களின் பழைய படங்களில் பல நிறக் கொடி தென்பட்டால் பெரும்பாலும் அது இதுதான்.

இன்னும் அருகில், நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கம். நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வார விழாவில் ஏழு வண்ணக் கொடி ஏற்றுவார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் 1920-களிலேயே ஏற்றுக்கொண்ட கொடி அது. உலக அமைப்பு பிற்பாடு வேறு கொடிக்கு மாறிவிட்டது, நம் சங்கங்கள் வானவில்லை விடவில்லை. பால் சங்கத்து வாசலில் பறக்கும் கொடியைப் படமெடுத்து ‘கிராமத்தில் புரட்சி’ என்று பகிர்கிறவர்கள் நவம்பர் மாதத்தையும் பட்டைகளின் எண்ணிக்கையையும் முதலில் பார்க்கட்டும்.

நம்மிடம் ஏற்கெனவே இருந்தவை

வெளியிலிருந்து கொடி வருவதற்கு முன்பே தமிழ் நிலத்தில் திருநங்கையருக்குச் சின்னங்கள் இருந்தன. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். தாலியின் கனத்தைச் செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நகரத்தார் திருமணத்தில் கட்டும் கழுத்திரு என்ற தாலியைப் பார்த்தவர்களுக்கு, கழுத்தில் ஏறுகிற பொன் ஒரு குடும்பத்தின் மொத்த மதிப்பையும் சுமக்கும் என்பது தெரியும். கூவாகத்துத் தாலி ஒரே இரவுதான் நிற்கிறது, ஆனாலும் அதைக் கட்டிக்கொள்கிறவருக்கு ‘நான் பெண்’ என்று ஊரறியச் சொல்லும் உரிமை அதில் இருக்கிறது. இங்கே பெருமிதமும் ஒப்பாரியும் ஒரே சடங்கில் வருகின்றன. ஆட்டமும் பாட்டமுமாக நடக்கும் மேற்கத்தியப் பேரணியை மட்டும் பார்த்தவர்கள், அழுகையைக் கண்டதும் இதில் பெருமை எங்கே என்று கேட்கிறார்கள். கேள்வியே பொருந்தாது.

மேற்கில் ஜூன் மாதம் முக்கியம், ஏனென்றால் 1969 ஜூன் 28 அன்று நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதியில் காவல்துறைச் சோதனையை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 திருநங்கையர் நாள். 2008-இல் திருநங்கையர் நலவாரியம் அமைந்த நாளை ஒட்டியது. 2014-இல் உச்ச நீதிமன்றம் திருநர் உரிமையை உறுதிசெய்ததும் அதே தேதியில். சென்னையில் 2009 முதல் ஜூனில் நடப்பதற்குப் பெயர் வானவில் சுயமரியாதைப் பேரணி. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவிலிருந்து அதை உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6. ஆகவே நம் ஊரில் ஒரு சின்னம் எந்த மாதத்தில் வெளியே வருகிறது என்பதற்கும் பொருள் உண்டு.

காரைக்குடியில் கொடி தைப்பதென்றால்

3 அடிக்கு 5 அடிக் கொடி கைக்கு அடக்கம். உயரம் 36 அங்குலம், பட்டைக்கு 6 அங்குலம். இரு ஓரத்திலும் தையலுக்கு அரை அங்குலம் சேர்த்து ஒவ்வொன்றையும் 7 அங்குல அகலத்தில் வெட்டுங்கள். நீளம் 64 அங்குலம். 60 கொடிக்கு, 1 ஓர மடிப்புக்கு, 3 கம்பு நுழைக்கும் உறைக்கு. 44 அங்குல அகலமுள்ள பாப்ளினில் ஒரு நிறத்துக்கு 2 மீட்டர் எடுத்தால் ஆறு பட்டைகள் கிடைக்கும். அதாவது ஒரு கொடிக்கு வாங்கினால் துணி வீண், ஆறு நிறத்திலும் 2 மீட்டர் வாங்கி ஆறு கொடியாகத் தைப்பதே கணக்கு. தைக்கும் முன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி வாளியில் ஊறவைத்து, சாயம் விடுவது நிற்கும்வரை அலசுங்கள். சிவப்பு மஞ்சளில் இறங்கினால் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் போய்விடும்.

வழக்கமாக நடக்கும் பிழை எண்ணிக்கையில். பள்ளிக்கூடத்தில் வானவில்லுக்கு ஏழு நிறம் என்று படித்த தையற்காரரோ பெயின்டரோ, ‘ஒண்ணு குறையுதே’ என்று நல்லெண்ணத்தில் வெளிர்நீலத்தைச் சேர்த்துவிடுவார். அப்போது கூட்டுறவுக் கொடி கையில் வந்து நிற்கும். மேலிருந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று துண்டுத் துணிகளையே தாளில் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள், வாய்ச்சொல் போதாது. அடுத்த பிழை, பாதி மடித்துக் கட்டுவது. சிவப்பும் மஞ்சளும் மட்டும் தெரிந்தால் இங்கே அம்மன் கோயில் திருவிழா, கர்நாடகத்தில் கன்னடக் கொடி. சிவப்பையும் குவாசர் கொடியின் கறுப்பையும் மட்டும் தெரியும்படி வைத்தால் தமிழ்நாட்டில் அது திராவிட இயக்கம். முழுதாக விரியுங்கள், அல்லது கட்டாதீர்கள்.

கறுப்புப் பற்றி இன்னொன்று. கல்யாண வீட்டு வாசல் தோரணத்தில் கறுப்பு வந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்காக அம்பு முனையிலிருந்து கறுப்பை உரித்தெடுக்கக் கூடாது, அது இறந்தவர்களுக்கான பட்டை. அந்த இடத்தில் ஆறு பட்டைக் கொடியைக் கட்டி, குவாசர் கொடியைக் கூட்டம் நடக்கும் அறையில் வையுங்கள்.

செட்டிநாட்டில் வானவில்லுக்கு இருக்கும் உண்மையான சிக்கல் எதிர்ப்பைவிட நிறம்தான். இங்கே நிறத்துக்குப் பஞ்சமில்லை. கண்டாங்கிச் சேலையில் கட்டமும் பட்டையும், சாயம் ஏற்றிய ஓலைக்கொட்டான், ஆத்தங்குடித் தரை, கோபுரம். சாம்பல் நிறக் கட்டடங்களுக்கு நடுவே பளிச்சென்று தெரிகிற கொடி இங்கே கலந்து காணாமல் போகும். ஆறு நிறத்தில் கண்டாங்கி நெய்து உடுத்தினால் ‘சேலை நல்லா இருக்கே ஆச்சி’ என்றுதான் சொல்வார்கள். மார்கழியில் வாசலில் ஆறு நிறக் கோலம் போட்டால் அது மார்கழிக் கோலம். ஜூனில் போட்டால்தான் நின்று பார்ப்பார்கள். ஊர் அறியாமல், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு. வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறவர்கள் பட்டைகளைச் சம அகலத்தில், மாறாத வரிசையில், வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரின் மேல் வைக்க வேண்டும். செட்டிநாட்டுச் சுவரின் வெள்ளை இதற்கென்றே பூசியதுபோல் அமையும்.

ஆத்தங்குடிக் கல்லில் செய்ய நினைத்தால் வேலைமுறையை அறிந்துகொள்ளுங்கள். சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் உலோக அச்சை இறக்கி, அறை அறையாகச் சாயச் சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் உலர்ந்த மணல்-சிமென்ட் தூவி, ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் தட்டி, காயவைத்து நீரில் ஊறப்போடுவார்கள். குழம்பு நீர்த்திருந்தாலோ அச்சை வெடுக்கென்று தூக்கினாலோ பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். சிவப்பு, மஞ்சள், பச்சை ஆக்சைடுகள் நிற்கும். சாதாரண நீலப்பொடி சிமென்டில் நாளாக வெளிறும், சிமென்டுக்கென்றே உள்ள நீலமும் ஊதாவும் விலை கூடுதல். இன்னொன்று, கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் குப்புற இருப்பதால் உருவம் இடம் வலம் மாறி விழும். ஆறு பட்டைக்குக் கவலையில்லை. குவாசரின் அம்பு முனையோ வலப்பக்கம் போய்விடும், கல்லைச் சுற்றிப் பதித்தால் ஊதா மேலே வந்துவிடும். அச்சையே கண்ணாடிப் பிம்பமாக வளைக்கச் சொல்ல வேண்டும்.

அந்தக் கல்லைத் தரையில் பதிக்கலாமா? நமக்குத் தரைக்கல்லும் கோலமும் மிதிபடுவதால் மரியாதை குறைவதில்லை. வெளிநாடுகளில் வானவில் நிறத்தில் சாலைக் கடப்பு வரைகிறார்கள், நடப்பதே பெருமை. ஆனால் கொடியை மிதிப்பது அவமானம் என்று நினைக்கிறவரும் அதே ஊர்களில் உண்டு. திண்ணைச் சுவரில் பதித்தால் இரு தரப்புக்கும் உறுத்தல் இல்லை.

பாரம்பரிய வீட்டை விடுதியாக நடத்துகிறவர்கள் வாசலில் வானவில் ஒட்டினால், வந்து இறங்குகிறவர் அதை வாக்குறுதியாகப் படிப்பார். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ ஓர் அறை கேட்டால் வரவேற்பில் குறுக்கு விசாரணை கிடையாது, அடையாள அட்டையில் உள்ள பெயரும் சொல்லும் பெயரும் வேறானால் சொல்லும் பெயரால் அழைப்பார்கள், சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். வேலை செய்கிற எல்லோரிடமும் இதைப் பேசி முடித்த பிறகு ஒட்டுங்கள். சட்டையில் பேட்ஜ் குத்தியவரிடம் ‘நீங்க அந்த மாதிரியா?’ என்று கேட்பதும் கூடாது. தோழருக்காகவோ பிள்ளைக்காகவோ அணிந்திருக்கலாம்.

பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எடுத்துச் செல்லும்போது

உறவும் கோயிலும் இருப்பதால் நம்மவர்கள் அடிக்கடி போகும் நாடுகள் இவை. மலேசியாவில் 2023 ஆகஸ்டில், ஒரு நிறுவனத்தின் வானவில் நிறக் கைக்கடிகாரங்களையே அரசு தடைசெய்தது. வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறை என்றும் அறிவித்தது. தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறவர்கள் பையில் குத்திய பேட்ஜைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. ரஷ்யாவில் 2023 நவம்பரில் பால்புதுமையினர் இயக்கத்தையே தீவிரவாதம் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தபின் அங்கே நிலைமை இன்னும் கடுமை.

சிங்கப்பூரில் 2009 முதல் நடக்கும் பால்புதுமையினர் கூடுகையின் நிறம் இளஞ்சிவப்பு. தேசியக் கொடியின் சிவப்பும் வெள்ளையும் கலந்தால் வருவது, குடிமக்கள் அடையாள அட்டையின் நிறமும் அதுவே. ‘நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்’ என்று சொல்ல அவர்களுக்கு வானவில்லைவிட அது பொருத்தமாக இருந்தது. 2017-லிருந்து குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே ஹாங் லிம் பூங்காவில் அதில் கலந்துகொள்ளலாம். விருந்தாளியாகப் போன நாம் உள்ளே நுழைந்தால் சிக்கல் நமக்கும் நடத்துகிறவர்களுக்கும் சேர்த்து வரும்.

ஊரில் கட்டிய கொடிக்குக் கடைசியாக ஒரு பராமரிப்புக் குறிப்பு. நம் வெயிலில் எல்லாப் பட்டையும் ஒரே சீராக வெளுக்காது. ஊதா வெளுத்து நீலத்தோடு ஒட்டிவிட்டால் தூரத்திலிருந்து ஐந்து பட்டையாகத் தெரியும். கொடி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, கீழ்த்தையலைப் பிரித்து அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். அதனால் முதலில் வெட்டும்போதே ஊதாவில் மட்டும் 4 மீட்டராக வாங்கி, ஆறு பட்டைகளை அதிகப்படியாக வெட்டி அலசி எடுத்து வைத்துவிடுங்கள்.